பட்டாணியும் கைதட்டலும்

மேவிஸ் வீட்டு ஃப்ரீசரில் நாற்பது வருஷமாக ஐஸ்கிரீமுக்கு இடம் கிடையாது.

கார் கொட்டகையில் ஆள் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கும் அந்த ஃப்ரீசர் முழுக்க ஐஸ் பைகள். தப்பித்தவறி ஒரு பையைப் பிரித்து எலுமிச்சை ஜூஸில் நாலு கட்டி போட்டுக்கொண்டால்கூட அவள் புருஷன் ஹார்லனுக்கு எப்படியோ தெரிந்துவிடும். "யாரோ என் மூளையில கை வெச்சிருக்காங்க" என்பான். அது அவன் தலைக்கு என்று வைத்திருக்கிற ஐஸ். அவன் மூச்சு நின்றதும் மேவிஸ் அதைக் கொண்டுவந்து அவன் தலையைச் சுற்றி அடுக்க வேண்டும். செத்தவர்களை உறையவைத்துப் பாதுகாக்கும் கூடத்திலிருந்து ஆட்கள் வந்து, மருந்து ஏற்றி, நெஞ்சைக் குத்தும் மெஷினைக் கட்டி, அவனைத் தூக்கிக்கொண்டு போய் திரவ நைட்ரஜன் தொட்டியில் தலைகீழாக இறக்கும் வரைக்கும் அந்த ஐஸ்தான் அவனுக்குக் காவல். தலைகீழாக எதற்கு என்றால், தொட்டியில் ஓட்டை விழுந்து நைட்ரஜன் குறைந்தாலும் கால்தான் முதலில் உருகும், தலை கடைசியில். அப்புறம் நூறு வருஷமோ முந்நூறு வருஷமோ கழித்து, சாவுக்கு மருந்து கண்டுபிடித்த ஒரு நல்ல நாளில் அவனை வெளியே எடுத்து, உதறி, எழுப்பி உட்கார வைத்து காபி கொடுப்பார்கள்.

ஹார்லன் இதை நம்பினான். மேவிஸ் நம்பவில்லை. ஆனால் ஐஸ் வைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தாள். நெப்ராஸ்காச் சோளக்காட்டில் பிறந்தவள். அங்கே வாக்கைக் கொடுத்தால் கொடுத்ததுதான், மாட்டைக் கொடுத்த மாதிரி.

எங்கள் ஊர் மெஸ்கிட் வெல்ஸ் இருப்பது அரிசோனாப் பாலைவனத்தில். ஜூன் மாதத்தில் பல்லி ரோட்டைக் கடக்க வேண்டுமென்றால் செருப்புக் கேட்கும். கள்ளிச்செடிகள்கூட ஒன்றின் நிழலில் ஒன்றாக வரிசை பிடித்து நிற்கும். இந்த அடுப்பில் கொண்டுவந்து மனுஷர்களை உறைய வைக்கிற கூடத்தைக் கட்டியவர்களைக் கேட்டால், இங்கே பூகம்பம் கிடையாது, புயல் கிடையாது, ஆயிரம் வருஷம் ஆனாலும் தொட்டி ஆடாது என்பார்கள். ஆடாதுதான். வெயிலில் ஒட்டிக்கொண்டிருக்குமே.

கூடத்து உறுப்பினர்களைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். மணிக்கட்டில் எஃகுச் சங்கிலி, அதில் ஒரு தகடு, தகட்டில் எந்த நம்பருக்குப் போன் பண்ண வேண்டும் என்ற விவரம். குளிக்கும்போதும் கழற்ற மாட்டார்கள். 'செத்தார்' என்ற சொல்லை வாயில் எடுக்க மாட்டார்கள். தொட்டிக்குள் இருப்பவர்கள் எல்லாரும் 'நோயாளிகள்'. ஹார்லன் உறுப்பினர் எண் ஏழு. அவனுக்கு முந்தின ஆறு பேரும் ஏற்கனவே நோயாளிகள். காலையில் அவனுக்கு மாத்திரைதான் சாப்பாடு, ஓட்ஸ் கஞ்சி தொடுகறி.

மாத்திரை செலவைக்கூட மேவிஸ் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது வேறு. ஹார்லன் எதிலும் ஏற மாட்டான், எங்கும் போக மாட்டான். விமானம் விழுந்து எரிந்தால் உறைய வைக்க என்ன மிஞ்சும்? மலையில் உருண்டால் தலை நசுங்கிவிடும். மேவிஸுக்குக் கல்யாணம் ஆன நாள்முதல் ஒரே ஒரு ஆசை, கடலைப் பார்க்க வேண்டும். பசிபிக் கடல் எங்கள் ஊரிலிருந்து காரில் ஒரு பகல் தூரம்தான்.

"அலை இழுத்துட்டுப் போயிட்டா, மேவி?"

"கரையில நின்னு பார்க்கிறவளை அலை எதுக்கு இழுக்கணும்? அதுக்கு வேற வேலை இல்லையா?"

"முழங்காலுக்கு மேல தண்ணி வந்தா சுறா இருக்கும்."

"உன்னைக் கடிச்சா அதுக்கு மாத்திரை ருசிதான் தெரியும். துப்பிட்டுப் போயிடும்."

"எழுந்து வந்தப்புறம் போலாம். அப்ப நமக்கு நேரம் நிறைய இருக்கும்."

"நமக்கா? நான் எங்க கையெழுத்துப் போட்டேன்?"

பேச்சு இந்த இடத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். அவள் மட்டும் போய்வரலாமே என்று யாரும் கேட்கலாம். அவள் போயிருக்கிற நேரத்தில் இவன் மூச்சு நின்றால் ஐஸ் யார் வைப்பது? அந்த ஐஸ் அவனுக்குக் காவல் என்றேன் அல்லவா, அவளுக்கு அது சிறை. நாற்பது வருஷக் கடலை அந்த ஃப்ரீசரில் போட்டுப் பூட்டியிருந்தாள். கடைசியில் அந்த ஐஸாவது தன் வேலையை ஒழுங்காகச் செய்தால், சரி, ஒரு காரியத்துக்காகத்தான் வீட்டோடு கிடந்தோம் என்று மனசை ஆற்றிக்கொள்ளலாம். அதுவும் இல்லை என்றால்? அந்தக் கேள்வியை அவள் நினைக்கப் பழகிக்கொள்ளவில்லை.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, ஊரே சர்ச்சுக்குப் போகும். இவர்கள் வீட்டில் ஒத்திகை. ஹார்லன் சோபாவில் மல்லாந்து மூச்சைப் பிடித்துக்கொள்வான். மேவிஸ் போனை எடுத்து, நம்பரை அழுத்தாமல், சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். "உறுப்பினர் ஏழு. ஹார்லன் டுவீட். மூச்சு நின்றுவிட்டது. குளிரூட்டத் தொடங்குகிறேன். உடனே வரவும்."

ஆரம்ப வருஷங்களில் அவளுக்குக் குரல் நடுங்கும். ஒரு கண்ணை மட்டும் திறந்து ஹார்லன் திட்டுவான். "அழுதுக்கிட்டே சொன்னா எதிர்ல இருக்கிறவனுக்கு என்ன புரியும்? மறுபடி சொல்லு. தெளிவா, தண்ணி மாதிரி." சொல்லிச் சொல்லி, பிற்பாடு அவள் ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி சொல்ல ஆரம்பித்துவிட்டாள். மூன்றாவது பிளாட்பாரத்துக்கு வண்டி வருகிறது என்பதற்கும் புருஷன் மூச்சு நின்றுவிட்டது என்பதற்கும் வித்தியாசமே தெரியாது. ஹார்லனுக்கு அதில் அவ்வளவு பெருமை.

ஊர் சிரித்தது. சும்மா சிரிக்கவில்லை, தலைமுறை தலைமுறையாகச் சிரித்தது. பாஸ்டர் ஒரு ஈஸ்டர் பிரசங்கம் முழுவதையும் ஹார்லனுக்காகவே ஒதுக்கினார். பக்கத்து வீட்டு டெல்பர்ட், ரிட்டயர் ஆன லாரி டிரைவர், வேலி ஓரத்தில் நின்றுகொண்டு தினமும் விசாரிப்பான். "டேய் ஐஸ்குச்சி, எந்த ஃப்ளேவர்ல எழுந்திரிக்கிறதா முடிவு பண்ணிட்டியா?"

"உன் எலும்பு மட்கி உன் பேரே மறந்துபோன அன்னிக்கு எழுந்து வந்து, உன் கல்லறை மேல உக்காந்து சாண்ட்விச் தின்பேன்டா."

"எனக்கும் ஒண்ணு வை."

ஒருமுறை டெல்பர்ட் கூடத்துக்குப் போகும் ரோட்டில் மாடி உயரத்துக்கு ஒரு குச்சி ஐஸ் படம் வரைந்த பலகையை நட்டுவைத்தான். கூடத்துக்காரர்கள் அதைப் பிடுங்கிப் போட்டு, வாசல் காவலாளியிடம் அவன் போட்டோவைக் கொடுத்து வைத்தார்கள்.

அப்புறம் காலம் மாறியது. மாற்றியது ஒரு எலி. எங்கோ ஒரு ஆய்வுக்கூடத்தில் எலியின் சிறுநீரகத்தை உறையவைத்து, மறுபடி சூடாக்கி, இன்னொரு எலிக்குப் பொருத்தினார்களாம். அந்த எலி ஒழுங்காக மூத்திரம் பெய்ததாம். அந்த மூத்திர ஈரத்தில்தான் எங்கள் கூடத்தின் மரியாதை முளைத்தது. முதுமையை நிறுத்துகிறோம், ஆயுளை நீட்டுகிறோம் என்று பணக்கார இளவட்டங்கள் ஆராய்ச்சிகளில் கோடி கோடியாகக் கொட்டிக்கொண்டிருந்த நேரம். நீட்டி முடிப்பதற்குள் போய்விட்டால் என்ன செய்வது, எதற்கும் ஒரு தொட்டி இருக்கட்டும் என்று அவர்கள் எங்கள் ஊருக்கும் வந்தார்கள். டெலிவிஷன் வந்தது. ஈஸ்டர் பிரசங்கம் செய்த பாஸ்டரின் மகனே சேர்ந்தான். கூடம் ஊர் எல்லையில் கண்ணாடியில் ஒரு புதுக் கட்டிடம் எழுப்பியது. திறந்து வைக்க மேயர் ஒத்துக்கொண்டார். பிரெஸ்டன் என்று ஒரு புது இயக்குநர் வந்து சேர்ந்தான். முகம் எங்கே முடிகிறது, பல் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாது.

இந்த மரியாதை எல்லாம் வீடு தேடி வந்தபோது ஹார்லன் கணையப் புற்றோடு படுக்கையில் கிடந்தான்.

கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டால் ஒரு குழு, ஐஸ் தொட்டி, மெஷின், மருந்துப் பெட்டியோடு வீட்டுக்கே வந்து கூடாரம் போட்டுவிடும். மூச்சு நிற்கும் கணத்துக்காகக் காத்திருக்கும். ஹார்லன் அவர்களை இரண்டு தடவை ஏமாற்றினான். ஆறு பேர் வீட்டு முன்னறையில் படுத்துக்கொண்டு, மேவிஸ் பொரித்த கோழியை எல்லாம் தின்றுகொண்டு காத்திருக்க, ஹார்லன் எழுந்து உட்கார்ந்து சூப் கேட்டான். குழுவின் தலைவி ரோண்டா, ஆம்புலன்ஸில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், சாமான்களைக் கட்டும்போது அலுத்துக்கொண்டாள். "ஹார்லன், நீங்க இப்படியே பண்ணிட்டிருந்தா நாங்க எப்பத்தான் உங்களைக் காப்பாத்துறது?"

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் பிரெஸ்டனும் ரோண்டாவும் வீட்டுக்கு வந்தார்கள். பிரெஸ்டன் ஹார்லனின் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

"சார், மேடையில ஒரு செய்முறை காட்டப் போறோம். ஒரு பொம்மையைப் படுக்க வெச்சு, போன் வர்றதுல இருந்து ஐஸ் தொட்டியில இறக்கறது வரைக்கும். அவசரப் போனையே மேடையில வெச்சு, ஸ்பீக்கர்ல போடறோம். பக்கத்து ரூம்ல இருந்து எங்க ஆபீஸ் பொண்ணு பேசும். அந்தப் பொம்மைக்கு உங்க பேரை வைக்கலாமா? உறுப்பினர் ஏழு. உங்களால வர முடியாது, உங்க பேராவது வரட்டும்."

ஹார்லனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கல்யாணத்தன்றுகூட மேவிஸ் அப்படி ஒரு மலர்ச்சியைப் பார்த்ததில்லை.

"வைங்க. தாராளமா வைங்க."

ரோண்டா தொண்டையைச் செருமினாள். "மேவிஸக்கா, இன்னொண்ணு. புதுக் கட்டிடத்து ஐஸ் மெஷினை மேயர் ரிப்பன் வெட்டினப்புறம்தான் ஓட்டணுமாம். கடைகள்ல இருக்கிற ஐஸ் எல்லாம் விருந்து ஜூஸுக்கே வாங்கிட்டாங்க. செய்முறைத் தொட்டிக்கு ஐஸ் இல்ல. உங்க ஃப்ரீசர்ல..."

"அது அவனோட ஐஸ்" என்றாள் மேவிஸ்.

"தெரியும்க்கா. எனக்கும் மனசில்ல. காலையில இவரைப் பார்த்துக்க வர்ற நர்ஸைக் கேட்டேன், நல்லா ஒரு வாரம் தாங்குவார்னா. விழா முடிஞ்ச கையோட இரண்டு மடங்கா கொண்டு வந்து அடுக்கிடறேன். குழுவும் அன்னிக்கு ராத்திரியே இங்க வந்திடும்."

"முடியாது."

படுக்கையிலிருந்து ஹார்லன் சொன்னான். "குடுத்துடு மேவி."

"உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? ஜூஸுக்கு நாலு கட்டி எடுத்ததுக்கு மூணு நாள் பேசாம இருந்தவன் நீ."

"நாற்பது வருஷமா சிரிச்ச ஊரு. மேயர்ல இருந்து பாஸ்டர் வரைக்கும் வரிசையா உக்காந்து அந்த ஐஸைப் பார்க்கட்டும். நான் எங்கயும் போயிட மாட்டேன். அந்த எலிக்கு இருக்கிற ரோஷம் எனக்கு இருக்காதா?"

ஐஸ் போயிற்று. மேவிஸ் ஃப்ரீசரைத் திறந்து பார்த்தாள். மூலையில் இரண்டு பை பட்டாணி, ஒரு பை சோளம், நவம்பர் விருந்துக்கென்று வாங்கி மறந்துபோன ஒரு வான்கோழி. நாற்பது வருஷத்தில் முதல்முறையாக ஐஸ்கிரீமுக்கு இடம் இருந்தது.

விழா நாள் காலை. உள்ளூர்ச் சானல் நேரடியாக ஒளிபரப்பியது. ஹார்லனுக்குத் தெரியும்படி மேவிஸ் டிவியைக் கட்டிலின் கால்மாட்டுக்கு நகர்த்தி வைத்தாள். கண்ணாடிக் கட்டிடம், கொடிகள், உலகத்துக் கார்கள் எல்லாம் அங்கேதான் நின்றன. முதல் வரிசையில் பாஸ்டர், கையில் ஜூஸ், ஜூஸில் ஐஸ்.

"மேவி, அந்த ஆளைப் பாரு. வந்துட்டான் பாரு."

"பார்த்தேன். வழுக்கைக்குத் தொப்பி போட்டிருக்கான்."

"எல்லாரும் வந்துட்டாங்க" என்றான் ஹார்லன். மேயர் கத்தரிக்கோலை எடுத்தார். ஹார்லன் சிரித்தான். ரிப்பன் இரண்டாக விழுந்தது. அவன் சிரிப்பு அப்படியே முகத்தில் இருந்தது. மூச்சு மட்டும் இல்லை.

மேவிஸ் கன்னத்தைத் தட்டினாள். வாயருகே புறங்கையை வைத்துப் பார்த்தாள். பின்பு போனை எடுத்தாள். குரல் நடுங்கவில்லை. நாற்பது வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு நின்றன.

"உறுப்பினர் ஏழு. ஹார்லன் டுவீட். மூச்சு நின்றுவிட்டது. குளிரூட்டத் தொடங்குகிறேன். உடனே வரவும்."

எதிர்முனையில் பிரெஸ்டனின் குரல் மணி மாதிரி ஒலித்தது. "பதற வேண்டாம் அம்மா. எங்கள் குழு இதோ புறப்பட்டுவிட்டது." கூடவே வண்டியின் சைரன் அலறியது. போன் வைக்கப்பட்டது.

மேவிஸுக்கு உயிர் வந்தது. கிளம்பிவிட்டார்கள். இவ்வளவு சீக்கிரம். ஹார்லன், உன் ஆட்கள் கெட்டிக்காரர்கள்தான் என்று நினைத்துக்கொண்டே கொட்டகைப் பக்கம் திரும்பினாள். அப்போது பின்னாலிருந்து அவள் குரல் அவளுக்கே கேட்டது.

"உறுப்பினர் ஏழு. ஹார்லன் டுவீட்."

டிவிக்கு எதுவும் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேரும். அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் பெரிய மண்டபம் நிறைய எதிரொலித்து வந்தது. பிரெஸ்டன் மேடையில் போனோடு நின்றான். பதற வேண்டாம் அம்மா என்றான். சைரன் அலறியது. மேடையின் பக்கவாட்டுக் கதவு திறந்து வண்டி உள்ளே வந்தது. ரோண்டாவும் மற்றவர்களும் குதித்து இறங்கி ஒரு பிளாஸ்டிக் பொம்மையைத் தூக்கித் தொட்டியில் போட்டார்கள். அதன் தலையைச் சுற்றி ஐஸை அள்ளி அள்ளிக் கொட்டினார்கள். மேவிஸின் ஐஸ். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. பாஸ்டர் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். பக்கத்து அறையில் பேசக் காத்திருந்த ஆபீஸ் பெண், தனக்குப் பதில் வேறு யாரையோ ஏற்பாடு செய்துவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு கேக் தின்னப் போய்விட்டாளாம். வண்டிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சைரனுக்குக் காத்திருந்த ரோண்டாவுக்குக் குரலே கேட்கவில்லை.

மேவிஸ் மறுபடி போன் செய்தாள். டிவியில் மேயர் பேச எழுந்தார். மேடையில் அந்தப் போன் துடித்தது. பிரெஸ்டன் பல்லைக் காட்டிக்கொண்டே ஒரு விரலால் அதன் கழுத்தை நெரித்தான். மறுபடி துடித்தது. மறுபடி நெரித்தான். ஆம்புலன்ஸுக்குச் சொல்லலாம். சொல்லக் கூடாது என்று ஹார்லன் சத்தியம் வாங்கியிருந்தான். அவர்கள் கொண்டுபோனால் ஆஸ்பத்திரி, விசாரணை, பிரேதப் பரிசோதனை, கத்தி. நர்ஸுக்கு மட்டும் சொன்னாள். நர்ஸ் வந்து, பார்த்து, சட்டப்படி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, அவளைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனாள்.

பட்டாணிப் பைகள் இரண்டும் நெற்றிக்கு. சோளம் பின்கழுத்துக்கு. வான்கோழியை உச்சந்தலையில் வைத்தாள். அது உருண்டு உருண்டு விழுந்தது. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹார்லன் தன் கையாலேயே பொருத்திய ஏசி, முடிந்த மட்டும் இரைந்தது.

சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு டெல்பர்ட் வந்தான். "டிவியில உன் குரலா மேவிஸ்? நீ நடிக்கப் போனதைச் சொல்லவே இல்..." நின்றுவிட்டான். கட்டிலைப் பார்த்தான். வான்கோழியைப் பார்த்தான்.

"என்கிட்ட ஐஸ் இல்ல, டெல்பர்ட்" என்றாள் மேவிஸ்.

அவன் திரும்பி ஓடினான். அந்த வயிற்றை வைத்துக்கொண்டு ஓட முடியும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. தன் ஃப்ரீசரைக் காலி செய்துகொண்டு வந்தான்: மான்கறி, ஏரி மீன், எந்த வருஷத்ததோ ஒரு பீட்சா. ஹார்லனின் தலையைச் சுற்றி ஒரு மளிகைக்கடையே எழும்பியது. பிறகு லாரிக்காரன் லாரிக்காரனாகவே கூடத்துக்குப் பறந்தான்.

வாசலில் காவலாளி போட்டோவைப் பார்த்தான், இவனைப் பார்த்தான்.

"உங்களை உள்ள விட முடியாது சார்."

"ஐஸ்குச்சி செத்துட்டான்டா. ஆளை அனுப்புங்கடா."

"இன்னிக்காவது இந்தக் கிண்டலை விடுங்க சார். பெரிய மனுஷங்க வந்திருக்காங்க."

"கிண்டல் இல்ல, நிஜமாவே செத்துட்டான்."

"அது வருஷா வருஷம் நீங்க சொல்றதுதானே."

இரண்டு பேர் சேர்ந்து அவனை ரோட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அவன் மறுபடி வந்தான். மறுபடி விட்டார்கள். மேயரின் பேச்சு எங்கள் ஊர் ரயில் மாதிரி, எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. அது முடிந்து, விருந்து ஆரம்பித்து, ரோண்டா வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோதுதான் வேலிக்கு அப்பால் டெல்பர்ட் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. அவளுக்கு அது போதுமாக இருந்தது. வண்டியைப் பார்த்து ஓடினாள்.

வந்து சேர்ந்தபோது பட்டாணி கூழாகியிருந்தது. பையிலிருந்து தண்ணீர் ஹார்லனின் காதோரம் வழிந்து தலையணையை நனைத்திருந்தது. ரோண்டா கையுறையைக் கழற்றிவிட்டு நெற்றியைத் தொட்டாள். தொட்ட கையை எடுக்கவில்லை.

"சூடா இருக்கு இல்ல?" என்றாள் மேவிஸ்.

ரோண்டா மறுகையால் பட்டாணிப் பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

"ஒரு மணி நேரம் தாண்டினா உள்ள இருக்கிறது மூளை இல்ல, கூழ்னு அவனே சொல்லுவான். சொல்லு ரோண்டா. இனிமே ஏதாவது பிரயோஜனம் உண்டா?"

"மேவிஸக்கா, என்னை எதுவும் கேக்காதீங்க." வேலையை ஆரம்பித்தாள். மருந்து, மெஷின், தொட்டி. விழாவில் மிஞ்சின ஐஸ். அதில் எலுமிச்சைத் துண்டுகள் மிதந்தன. கண்ணீர் வழிய வழிய, ஒரு முறையும் தவறாமல், எல்லாவற்றையும் செய்தாள். பிரயோஜனம் இல்லாத வேலையை அவ்வளவு சுத்தமாகச் செய்ததாக நான் வேறு யாரைப் பற்றியும் கேள்விப்பட்டதில்லை.

மறுநாள் பிரெஸ்டன் பூங்கொத்தோடு வந்தான். பல்லைப் பாதி மூடியிருந்தான், அதுதான் துக்கம்.

"அம்மா, நடந்ததுக்கு ரொம்ப வருத்தம். ஆனா ஒண்ணு சொல்லணும். நேத்து உங்க குரல்தான் எல்லாரையும் உலுக்கிடுச்சு. அவ்வளவு நிதானம், அவ்வளவு நம்பிக்கை. ராத்திரிக்குள்ள எத்தனை பேர் சேர்ந்தாங்க தெரியுமா? ஹார்லன் சாரோட கனவு பலிச்சிடுச்சு."

"அவனோட கனவு எழுந்திரிக்கறது. ஊர் கைதட்டறது இல்ல."

"எழுந்திரிப்பார்ம்மா. எதிர்கால விஞ்ஞானம் இதையும் சரி பண்ணிடும்."

"தம்பி, அவன் ஏசி, ஃப்ரீசர் ரிப்பேர்காரன். கரண்ட் போன ஃப்ரீசர்ல இருந்த கறியை மறுபடி ஃப்ரீசர்ல வெச்சா அது புதுக்கறி ஆயிடாதுன்னு ஊர்ப் பொம்பளைங்களுக்கெல்லாம் அவன்தான் பாடம் எடுப்பான்."

பிரெஸ்டன் பூங்கொத்தை மேஜையில் வைத்தான். "கூடத்துச் சார்பா உங்களுக்கு ஒரு தொட்டி இலவசமா குடுக்கறதா முடிவு பண்ணியிருக்கோம். சார் பக்கத்துலயே."

"அவனைத் தலைகீழாத்தானே வெச்சிருக்கீங்க?"

"ஆமாம்மா. முறை அதான்."

"என்னையும் அப்படித்தான் வைப்பீங்க?"

"ஆமாம்."

"நாற்பது வருஷம் அவனோட அப்படித்தான் இருந்தேன். போதும்" என்று சொல்லி அவனை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டாள். பூங்கொத்து அவளுக்குத் தேவைப்பட்டது. வான்கோழியைப் புதைத்த இடத்தில் வைத்தாள். அதைச் சமைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

அந்தச் செய்முறை மக்களுக்கு அவ்வளவு பிடித்துப்போனதால் கூடத்தில் அதைச் சனிக்கிழமைதோறும் வைத்தார்கள். பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்தார்கள். ஆபீஸ் பெண்ணுக்குக் கடைசியில் வாய்ப்புக் கிடைத்தது. ஆனால் முதல் தடவை பேசினவள் மாதிரி வராது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை விடிவதற்கு முன்பே மேவிஸ் ஹார்லனின் பழைய வேனை எடுத்துக்கொண்டு மேற்கே கிளம்பினாள். தூக்கம் வந்தபோது நிறுத்தித் தூங்கினாள், பசித்தபோது ஐஸ்கிரீம் தின்றாள். பிற்பகலில் ரோடு ஒரு மேட்டில் ஏறி இறங்கியது, அவ்வளவுதான், அப்புறம் முழுக்கக் கடல். வேனை எங்கே நிறுத்தினாள் என்று அவளுக்கே நினைவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு ஈர மணலில் நின்றாள். அலை வந்து கணுக்காலைச் சுற்றியது. சுள்ளென்று குளிர்ந்தது. இத்தனை குளிர்ச்சியும் இங்கே ஒரு பகல் தூரத்தில் கேட்பாரற்றுக் கிடந்திருக்கிறது.

பையிலிருந்து போனை எடுத்து அந்த நம்பரை அழுத்தினாள். கூடத்தில் செய்முறை நடக்கும் நேரம். பிரெஸ்டனின் குரல் மண்டபத்து எதிரொலியோடு வந்தது. "சொல்லுங்கள், எங்கள் குழு தயாராக இருக்கிறது."

மேவிஸ் பேசினாள். நடுங்காத அதே குரல்.

"உறுப்பினர் ஏழு. ஹார்லன் டுவீட். அவன் செத்துட்டான். ஐஸ் உங்ககிட்ட இருந்துச்சு."

மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு, வெகு தூரத்தில், பின்வரிசையில் யாரோ ஒருவர் தட்ட ஆரம்பித்தார். இன்னொருவர் சேர்ந்துகொண்டார். எல்லாரும் தட்டினார்கள்.

மேவிஸ் போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டாள். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் உள்ளே நடந்தாள். முழங்கால் வரைக்கும்தான். அதற்கு மேலே சுறா இருக்கும்.